பெட்ரோல் முள் பொய் சொன்னால் யாரைத் தண்டிப்பது?

1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உரிமையாளர் பழைய கார்களின் மேல் தீராத ஆசை உள்ளவர். துருவைச் சுரண்டி, பெட்ரோல் டாங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, டாங்குக்கும் அது உட்காரும் அடித்தகட்டுக்கும் புது வர்ணம் பூசி, காரை மறுபடி சாலைக்குக் கொண்டு வந்திருக்கிறார். பெட்ரோல் பங்க்கில் டாங்கை வாய்வரை நிரப்புகிறார். சுமார் 60 லிட்டர் பிடிக்கும் டாங்கு அது. சாவியைத் திருப்புகிறார். டாஷ்போர்டில் பெட்ரோல் மீட்டரின் முள் மெதுவாக எழுகிறது. அரைக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுகிறது.

நிரம்பிய டாங்கு, பாதி காட்டும் முள். மெக்கானிக் வருகிறார். டாங்கிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி, காரின் இரும்புச் சட்டத்தில் தொடுகிறார். முள் விர்ரென்று ஏறி 'நிறைவு' குறியையும் தாண்டுகிறது. "மீட்டர் நன்றாக இருக்கிறது, டாங்க் யூனிட்தான் போய்விட்டது" என்று தீர்ப்பளிக்கிறார். புது டாங்க் யூனிட் வாங்கிப் பொருத்துகிறார்கள். முள் பழைய இடத்திலேயே நிற்கிறது. அப்படியானால் மீட்டரே பழுது என்று அதையும் மாற்றுகிறார்கள். முள் அப்போதும் அங்கேயே! அறுபது ஆண்டுகள் ஒழுங்காக உழைத்த இரண்டு அசல் பாகங்கள் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டன. குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை.

இந்தக் கதை நான் புனைந்ததுதான். ஆனால் பழைய கார்களோடு பழகிய எவரைக் கேட்டாலும், இதே நிகழ்ச்சியைத் தம் அனுபவமாகச் சொல்லக்கூடும். இந்தக் கட்டுரையில் நான் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வது அந்தக் காரை அன்று. அந்த மெக்கானிக்கையும் அன்று. அவர் செய்த சோதனையைத்தான். கம்பியைச் சட்டத்தில் தொட்டுப் பார்க்கும் இந்த 'எர்த் சோதனை' வாய்வழியாகவும் சிறு கையேடுகள் வழியாகவும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. செத்துப்போன முள்ளைக் கண்டுபிடிக்க அது நல்ல சோதனை. பொய் சொல்லும் முள்ளைக் கண்டுபிடிக்க அது உதவாது. உதவாதது மட்டுமன்று, குற்றமற்றவனைத் தூக்கிலிடவும் செய்கிறது. ஏன் என்று பார்ப்போம். இதற்குத் தேவையானதெல்லாம் பள்ளியில் படித்த ஓம் விதியும், மின்னோட்டம் வெப்பம் தருவதைப் பற்றிய ஜூல் விதியுமே.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். பெட்ரோல் மீட்டர் பெட்ரோலை அளப்பதில்லை. டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிறு கருவிக்குப் பெட்ரோல் என்றால் என்னவென்றே தெரியாது. மஸ்டாங் போன்ற ஃபோர்டு கார்களில் அது ஒரு ஈருலோகப் பட்டை. வெப்பத்தால் வெவ்வேறு அளவு நீளும் இரண்டு உலோகங்களை ஒன்றாக ஒட்டிய பட்டை, சூடானால் வளையும். தானாக அணைந்து எரியும் மின்சார இஸ்திரிப் பெட்டியில் இருப்பதும் இதுவே. மீட்டரில் இந்தப் பட்டையின் மேல் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று சுற்றப்பட்டிருக்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் பட்டை சூடாகி வளைகிறது. வளைவு முள்ளைத் தள்ளுகிறது. ஆக, முள் காட்டுவது வெப்பத்தை.

பெட்ரோல் இருக்கும் இடத்தில் இருப்பது டாங்க் யூனிட். ஒரு மிதவை, அதைத் தாங்கும் ஒரு கை, கையின் மறுமுனையில் மின்தடைக் கம்பியின் மேல் நழுவிச் செல்லும் ஒரு தொடுமுனை, அவ்வளவுதான். ஃபோர்டு கார்களில் டாங்கு காலியாக இருக்கும்போது இதன் மின்தடை சுமார் 73 ஓம்; நிரம்பியிருக்கும்போது சுமார் 10 ஓம். மீட்டரும் டாங்க் யூனிட்டும் தொடர் இணைப்பில் உள்ளன. மீட்டருக்குப் பாட்டரியின் 12 வோல்ட் நேராகப் போவதில்லை. இடையில் ஒரு சிறு மின்னழுத்தச் சீராக்கி உட்கார்ந்து, 5 வோல்ட் தொடர்ந்து கொடுத்தால் எவ்வளவு வெப்பம் வருமோ அவ்வளவே வரும்படி மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது.

இப்போது கணக்குப் போடுவோம். மீட்டர்ச் சுருளின் மின்தடையை 12 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான மீட்டர்களும் ஏறத்தாழ இந்த அளவில்தான் உள்ளன. டாங்கு நிரம்பியிருந்தால் மொத்த மின்தடை 22 ஓம், மின்னோட்டம் 0.227 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தைச் சுருளின் மின்தடையால் பெருக்கினால், சுருளில் தோன்றும் வெப்பம் 0.62 வாட். டாங்கு காலியானால் மொத்தம் 85 ஓம், 0.059 ஆம்பியர், வெப்பம் 0.04 வாட் மட்டுமே. ஆகவே 'காலி' குறி என்பது 0.04 வாட், 'நிறைவு' குறி என்பது 0.62 வாட். முள் நடமாடும் உலகம் இந்த இரண்டு எண்களுக்கு இடையே அடங்கிவிடுகிறது.

இனி அந்த எர்த் சோதனைக்கு வருவோம். கம்பியை நேராகச் சட்டத்தில் தொட்டால் டாங்க் யூனிட்டின் மின்தடை கணக்கிலிருந்து போய்விடுகிறது. மிஞ்சுவது 12 ஓம். மின்னோட்டம் 0.417 ஆம்பியர், வெப்பம் 2.08 வாட். நிறைவு குறிக்கு வேண்டியது 0.62 வாட்தான் என்பதை நினைவுகொள்ளுங்கள். அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, "முள் நிறைவைத் தாண்டியது, மீட்டர் சரி" என்று சொல்கிறோம்! இந்த வெப்பத்தில் பாதியே உண்டானாலும் முள் நிறைவைத் தாண்டும். சீராக்கி 5 வோல்ட்டுக்குப் பதில் 4 வோல்ட்டுக்குச் சமமாகக் கொடுத்தாலும் தாண்டும். எடைத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதன் மேல் யானையை ஏற்றுவது போன்றது இது. தட்டு கீழே போகும், உண்மைதான். ஆனால் ஒரு கிலோ சர்க்கரையை ஒரு கிலோவாகக் காட்டுமா என்பதைப் பற்றி யானைக்கு ஒன்றும் தெரியாது.

இது முதல் குறை. இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. மின்சுற்றின் பாதையைக் கையால் தொடர்ந்து பாருங்கள். பாட்டரி, சீராக்கி, மீட்டர், கம்பி, டாங்க் யூனிட், இத்துடன் முடிந்ததா? இல்லை. டாங்க் யூனிட்டின் உடலிலிருந்து டாங்கின் தகட்டுக்கு, டாங்கின் தகட்டிலிருந்து திருகாணிகள் வழியாகக் காரின் உடலுக்கு, அங்கிருந்து பாட்டரியின் எதிர்முனைக்கு மின்னோட்டம் திரும்பி வர வேண்டும். இந்தத் திரும்பும் பாதைக்குத் தனியாகக் கம்பி கிடையாது. இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருப்பதே பாதை. நம் கதையில் உரிமையாளர் என்ன செய்தார்? டாங்குக்கும் அடித்தகட்டுக்கும் புது வர்ணம் பூசினார். வர்ணம் மின்கடத்தாப் பொருள். இடையில் நீர் புகாமலிருக்கப் பசையும் தடவியிருப்பார். பெட்ரோல் குழாய் இரப்பர் இணைப்பு வழியாகப் போகிறது. அந்த வழியும் அடைபட்டது. பூச்சைக் கிழித்துக்கொண்டு இறங்கிய ஓரிரு திருகாணிகளின் மரைகள் வழியாக மின்சாரம் எப்படியோ திக்கித் திணறிப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தத் திணறலின் மின்தடை வெறும் 5 ஓம் என்று கொள்வோம். நிரம்பிய டாங்குக்கு மொத்த மின்தடை 22 அன்று, 27 ஓம். மின்னோட்டம் 0.185 ஆம்பியராகிறது. வெப்பம் 0.41 வாட்டாகக் குறைகிறது. 0.04க்கும் 0.62க்கும் இடையே 0.41 எங்கே விழும்? கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ எட்டில் ஐந்து பங்கு. அரைக்குச் சற்று மேலே! காலி டாங்கில் என்ன ஆகும்? 85 ஓம் 90 ஆகிறது, வெப்பம் 0.041லிருந்து 0.037க்கு இறங்குகிறது. முள் மயிரிழை அளவு தாழலாம், கண்ணுக்குத் தெரியாது. அதாவது, எர்த் கெட்டுப்போன ஃபோர்டு மீட்டர் காலியைச் சரியாகச் சொல்லும். நிறைவை மட்டும் மறைக்கும்.

எர்த் சோதனை இங்கே செய்யும் அநியாயத்தைப் பாருங்கள். கம்பியை மெக்கானிக் சட்டத்தில் தொட்டபோது, கெட்டுப்போன அந்தத் திரும்பும் பாதையைத் தம்மை அறியாமலேயே தாண்டிவிட்டார். எது குற்றம் செய்ததோ அதை விசாரணைக் கூண்டிலிருந்து வெளியே விட்டுவிட்டு, மிஞ்சியவரை விசாரித்தார். முள் எழுந்தது, பழி டாங்க் யூனிட்டின் மேல் விழுந்தது. அந்த யூனிட்டைக் கழற்றி மேசைமேல் வைத்து அளந்திருந்தால் 10 ஓமும் 73 ஓமும் ஒழுங்காகக் காட்டியிருக்கும். புது யூனிட்டும் அதே வர்ணம் பூசிய டாங்கில்தானே உட்கார்ந்தது? அதனால்தான் அதுவும் அதே பொய்யைச் சொன்னது.

இத்தனைக்கும், உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு முழக் கம்பி போதும். டாங்க் யூனிட்டின் உடலிலிருந்து, சுரண்டிச் சுத்தம் செய்த சட்டத்தின் ஓரிடத்துக்கு ஒரு கம்பியைத் தற்காலிகமாக இணைக்க வேண்டும். இணைக்கும்போது பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு சாவியைத் திருப்பினால், குற்றம் எர்த்தில் இருந்தால் முள் நிறைவுக்கு ஏறி நிற்கும். இதற்கும் மீட்டர் வேண்டாம், கருவி வேண்டாம். எர்த் சோதனையைப் போலவே எளிது. ஆனால் கேட்கும் கேள்வி சரியான கேள்வி. ஓம்மீட்டர் வைத்திருப்பவர் இதை எண்ணாகவே பார்க்கலாம். கம்பியைக் கழற்றிய நிலையில் யூனிட்டின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே ஒருமுறை, முனைக்கும் காரின் சட்டத்துக்கும் இடையே ஒருமுறை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே எர்த்தின் மின்தடை.

"முள் குறைத்துக் காட்டினால் எப்போதும் எர்த்தான் காரணமா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சீராக்கி சோர்ந்துபோனாலும் இதே அறிகுறி வரும். 5 வோல்ட்டுக்குப் பதில் 4 வோல்ட்டுக்குச் சமமாகக் கொடுத்தால், வெப்பம் 0.8இன் வர்க்கமாகிய 0.64 மடங்காகும், 0.62 வாட் 0.40 வாட்டாகும். முள் முன்பு நின்ற அதே இடத்தின் அருகில் நிற்கும். இரண்டு வெவ்வேறு நோய்கள், ஒரே காய்ச்சல். எப்படிப் பிரித்தறிவது? பக்கத்து முள்ளைப் பார்த்து! 1966 மஸ்டாங்கில் எஞ்சின் வெப்பத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் காட்டும் மீட்டர்களும் அதே சீராக்கியிடமிருந்துதான் மின்சாரம் பெறுகின்றன. சீராக்கி கெட்டால் மூன்று முட்களும் ஒன்றாகத் தாழும். பெட்ரோல் முள் மட்டும் தாழ்ந்து மற்ற இரண்டும் வழக்கம்போல் நின்றால் சீராக்கி நிரபராதி. ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்காமல், இருக்கையில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சோதனை இது. ஆனாலும் முட்களைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் மிகச் சிலருக்கே இருக்கிறது.

சீராக்கியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குள்ளும் ஒரு ஈருலோகப் பட்டையே இருக்கிறது. சூடாகி வளைந்து தொடர்பை அறுக்கும். ஆறி நிமிர்ந்து தொடர்பைத் தரும். இதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டாலும், அதன் சொந்த எர்த் விட்டுப்போனாலும், 12 வோல்ட்டும் முழுதாகப் பாயும்; எல்லா முட்களும் உச்சிக்குப் போகும். அந்த நிலையில் யாராவது கம்பியைச் சட்டத்தில் தொட்டால் சுருளில் ஒரு ஆம்பியர் பாயும். 12 வாட் வெப்பம் தோன்றும். அரை வாட்டுக்குச் சற்று மேல் தாங்குவதற்காகச் சுற்றிய சுருள் எவ்வளவு நேரம் பொறுக்கும்? எர்த் சோதனையின் மூன்றாவது குறை இதுதான். நோயைக் காண வந்த சோதனை நோயாளியைக் கொன்றுவிடக்கூடும்.

மீட்டரை முறையாகச் சோதிக்க விரும்புபவர் வானொலிச் சாமான்கள் விற்கும் கடையில் சில மின்தடைகள் வாங்கிக்கொள்ளட்டும். 10 ஓம் ஒன்று. 68 ஓமும் 4.7 ஓமும் தொடராக இணைத்தால் 72.7 ஓம். இரண்டு வாட் தாங்கும் மின்தடைகளாக இருந்தால் சூடேறும் கவலை இல்லை. டாங்க் யூனிட்டுக்குப் பதிலாக இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்து, முள் நிலைபெற இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். 10 ஓமில் முள் நிறைவின் மேல் நிற்க வேண்டும், 72.7 ஓமில் காலியின் மேல். நிற்காவிட்டால் மீட்டரோ சீராக்கியோ தவறு செய்கிறது. நின்றால் அவை இரண்டும் சரி. டாங்குப் பக்கம் போகலாம். தராசுக்கு யானையை வைக்காமல் படிக்கல்லை வைப்பது என்பது இதுதான்.

இதுவரை ஃபோர்டின் கதை. இதே காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், எடுத்துக்காட்டாக ஷெவர்லேயில், முற்றிலும் வேறான மீட்டர் இருந்தது. அதில் வெப்பமும் இல்லை, சீராக்கியும் இல்லை. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு கம்பிச்சுருள்கள். அவற்றின் காந்தப்புலங்களுக்கு நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டு. எந்தப் புலத்தின் கை ஓங்குகிறதோ அந்தப் பக்கம் முள் திரும்பும். பாட்டரியின் மின்னழுத்தம் ஏறினால் இரண்டு புலங்களும் ஒன்றாக ஏறும். இறங்கினால் ஒன்றாக இறங்கும். விகிதம் மாறாததால் முள் அசையாது. இது அழகான சிந்தனை. ஃபோர்டு ஒரு சீராக்கியை வைத்துத் தீர்த்த சிக்கலை, இவர்கள் சிக்கலே எழாதபடி தீர்த்துவிட்டார்கள். பௌதிகம் படிக்கும் மாணவனுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், இதுவே பிடிக்கும்.

ஆனால் ஒரு கருவியை அது நலமாக இருக்கும்போது எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது. கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஷெவர்லேயின் டாங்க் யூனிட் ஃபோர்டுக்கு நேர் எதிர். காலியில் 0 ஓம்; நிறைவில் 1960களின் நடுப்பகுதி வரை சுமார் 30 ஓம், பின்னர் 90 ஓம். கம்பி அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகும். முள் நிறைவையும் தாண்டி நிற்கும். ஃபோர்டில் கம்பி அறுந்தால் வெப்பம் இல்லை; முள் காலியில் படுத்துவிடும். எர்த்தில் அதே 5 ஓம் துரு பிடித்தால், 30 ஓம் யூனிட் உள்ள ஷெவர்லே என்ன சொல்லும்? சீரான அளவுகோல் என்று வைத்துக்கொண்டால், காலி டாங்கை ஆறில் ஒரு பங்கு இருப்பதாகச் சொல்லும். 60 லிட்டர் டாங்கில் அது 10 லிட்டர். இல்லாத 10 லிட்டரை நம்பி ஒருவர் இரவில் நெடுஞ்சாலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே துரு, ஒரே 5 ஓம். ஃபோர்டு இருப்பதைக் குறைத்துச் சொல்லி உரிமையாளரை எரிச்சலூட்டுகிறது. ஷெவர்லே இல்லாததைக் கூட்டிச் சொல்லி அவரை நடுவழியில் நிறுத்துகிறது. என்னைக் கேட்டால், நான் ஃபோர்டின் பக்கம்தான். அதன் முள் சோம்பேறி. சாவியைத் திருப்பியதும் உடனே எழாது. ஆனால் அந்தச் சோம்பல்கூட நன்மையே. வளைவில் பெட்ரோல் அலைந்து மிதவை ஆடும்போது, மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் பட்டை அந்த ஆட்டத்தைப் பொருட்படுத்துவதில்லை.

எர்த் சோதனை இந்த இரண்டு வகைகளிலும் தலைகீழான விடை தரும் என்பதையும் கவனித்திருப்பீர்கள். கம்பியைச் சட்டத்தில் தொட்டால் ஃபோர்டின் முள் நிறைவுக்கும், ஷெவர்லேயின் முள் காலிக்கும் போக வேண்டும். "முள் நிறைவுக்குப் போக வேண்டும்" என்று மட்டும் ஒரு கையேடு சொல்லுமானால், அது பாதி வாசகர்களைத் தவறான பாகம் வாங்க அனுப்புகிறது.

மின்சாரத்தில் குற்றமே இல்லாமலும் முள் பொய் சொல்லலாம். பித்தளை மிதவையின் பற்றவைப்பு விட்டு உள்ளே பெட்ரோல் புகுந்தால் மிதவை அமிழும், முள் தாழும். கையில் எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலப்புக் கேட்கும். இன்னும் பழைய கார்களில் தக்கை மிதவைக்கு அரக்கு பூசியிருப்பார்கள். அரக்கு சாராயத்தில் கரையும். இன்று பல நாடுகளில் பெட்ரோலுடன் எத்தனால் என்னும் சாராயம் கலக்கப்படுகிறது. பூச்சுக் கரைந்தால் தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போகும். மிதவையின் கை வளைந்திருந்தால், முள் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு தள்ளி நிற்கும். தொடுமுனை தேய்ந்திருந்தால், ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வரும்போதெல்லாம் முள் துள்ளும். அந்த இடத்தைத் தாண்டியதும் ஒழுங்காகிவிடும்.

பிறகு டாங்கின் வடிவம். மிதவைக்கு உயரம் மட்டுமே தெரியும்; கொள்ளளவு தெரியாது. படுத்த உருளை வடிவ டாங்கு ஒன்றில், அடியிலிருந்து கால் பங்கு உயரத்துக்குப் பெட்ரோல் இருந்தால் அது கால் பங்குப் பெட்ரோல் அன்று, 19.6 சதவீதமே. வடிவியல் படிக்கும் மாணவர்கள் வட்டத் துண்டின் பரப்பைக் கண்டு இதைச் சரிபார்க்கலாம். இந்தத் தவறை எந்தப் புதுப் பாகமும் திருத்தாது. ஃபோர்டின் பழைய மாடல் டி காரில் மீட்டரே கிடையாது. முன் இருக்கையைத் தூக்கி, அதன் அடியில் உள்ள டாங்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்து வந்த மாடல் ஏயில் டாங்கு டாஷ்போர்டுக்கு முன்னால் இருந்தது; மிதவையோடு இணைந்த அளவுகோலைக் கண்ணாடி வழியாக நேரில் காணலாம். கம்பியும் இல்லை, எர்த்தும் இல்லை. குச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் ஓட்டிக்கொண்டே குச்சியைப் பார்க்க முடியாதே!

ஒரு கடுமையான எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பெட்ரோல் அதற்குப் போதுமான ஆவியை வெளியிடும். மூடிய டாங்கினுள் மின்சாரத் தொடுமுனை நழுவிக்கொண்டிருந்தும் தீப்பிடிக்காததற்குக் காரணங்களில் ஒன்று, அங்கே ஆவி மிகுந்து காற்று போதாமல் இருப்பது. டாங்கைத் திறந்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். ஆகவே டாங்க் யூனிட்டைக் கழற்றும் வேலையைத் திறந்த வெளியில், பாட்டரியைக் கழற்றிய பிறகு, பழகியவர்களே செய்ய வேண்டும். மாணவர்கள் இந்தச் சுற்றை அறிந்துகொள்ள விரும்பினால் பெட்ரோல் தேவையே இல்லை. ஒரு சிறு பாட்டரி, ஒரு மாறு மின்தடை, ஒரு ஆம்மீட்டர் ஆகியவற்றைத் தொடராக இணைத்தால் போதும். ஒரு 5 ஓம் மின்தடையை இடையில் செருகி, அளவுகோலின் எந்த முனை அதிகம் ஏமாறுகிறது என்று பாருங்கள்.

மெக்கானிக்கின் பக்கமும் நியாயம் உண்டு. வாசலில் ஆறு கார்கள் காத்திருக்கும்போது இரண்டு நிமிடத்தில் விடை தரும் சோதனையே அவருக்கு வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் அவர் செய்வது சரி. பட்டை செத்ததா, கம்பி அறுந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் 'அசைகிறது, தவறாக அசைகிறது' என்று வந்த காருக்கும் அதே இரண்டு நிமிடத்தைக் கொடுத்தால், உரிமையாளர் இரண்டு பாகங்களுக்கு விலை கொடுக்கிறார். அந்தப் பாகங்களோ இன்று அசலாகக் கிடைப்பதில்லை. புதிதாகச் செய்து விற்கப்படும் நகல் யூனிட்டுகளில் எல்லாம் 10 ஓமும் 73 ஓமும் சரியாக இருக்கும் என்று நம்பவும் முடியாது. பொருத்துவதற்கு முன் மேசைமேல் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

நம் மஸ்டாங் உரிமையாளருக்கு இனி என்ன வேலை? டாங்கு ஏறத்தாழ வறண்ட ஒரு நாளில், சமதரையில் காரை நிறுத்தி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, எஞ்சினையும் சாவியையும் அணைத்துவிட்டே ஒவ்வொரு முறையும் ஊற்றி, மூடியை மூடிய பின் சாவியைத் திருப்பி, இரண்டு நிமிடம் பொறுத்து, முள் நிற்கும் இடத்தைக் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு புள்ளிகள் வரும். அவற்றைச் சேர்த்துக் கோடு வரைந்து, அந்தத் தாளை டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். டாங்க் யூனிட்டின் உடலிலிருந்து சட்டத்துக்குப் போன அந்த ஒரு முழக் கம்பியை மட்டும் கழற்ற வேண்டாம். இரண்டு முனைகளிலும் வர்ணத்தைச் சுரண்டி, நன்றாக முறுக்கி, அங்கேயே நிரந்தரமாக இருக்கட்டும்.